காலில் ஆறாத மரு
(தோட்டக் கூட்டத்தில் பேசியது)



கால்ல மரு மாதிரி வந்து, வருசக்கணக்கா ஆறாம இருக்கிற ஒரு நோயைப் பற்றிச் சொல்ல வந்தேன். பெயர் குரோமோபிளாஸ்டோமைகோசிஸ். வாயில நுழையாது, விடுங்க. மண்ணிலும் மக்கின செடி, மரத்திலும் இருக்கிற ஒரு பங்கசுதான் காரணம். முள்ளோ குச்சியோ குத்தின வழியாகத் தோலுக்குள் போய்விடும்.

உலகத்தில் இது அதிகம் காணப்படுவது மடகாஸ்கரிலும் பிரேசிலிலும். மடகாஸ்கரில் ஒரு விசேஷம்: மழை பெய்கிற வடக்கில் ஒரு வகைப் பங்கசு, வறண்ட தெற்கு முட்காட்டில் வேறு வகை. மழையும் செடியும் மாறினா பங்கசும் மாறுது. நம்ம இலங்கையிலும் இருக்கு. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்குள்ள 71 நோயாளிகளைப் பற்றியது. உலக சுகாதார ஸ்தாபனம் இதைக் கவனிக்கப்படாத நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017இல்தான். மண்ணில் பாடுபடுகிற ஏழைகளுக்கு வருகிற நோய் வேறெப்படி இருக்கும்?

கவ்வாத்து மலையில குச்சி குத்தினா யாரு கணக்கெடுக்கிறா? நாள் போய் ஒரு சின்னப் பரு வரும். அது மெல்ல மெல்லப் பூக்கோவா மாதிரி பெருகும், மேலே கறுப்புப் புள்ளிகள் தெரியும். குஷ்டமோன்னு பயந்து மறைக்காதீங்க. இது ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. சின்னதா இருக்கும்போது வெட்டி எடுத்துடலாம். பெருசானா இட்ராகொனசோல் போன்ற மருந்தை மாதக்கணக்கில் குடிக்கணும், இடையில நிறுத்தக் கூடாது.

டிஸ்பென்சரியில பூசத் தந்த மருந்துக்கு ஆறலைன்னா, பெரியாஸ்பத்திரி தோல் வைத்தியருக்குக் கடிதம் கேளுங்க. அங்க செதிலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாங்க. இந்த நோயென்றால் செப்புக்காசு மாதிரிப் பழுப்பு உருண்டைகள் தெரியும்.