ஆறு மாதப் பிள்ளைக்கு என்ன ஊட்டலாம்?



மல்லாட்டைக்கு எப்போது களை எடுக்கணும், எப்போது ஜிப்சம் போட்டு மண் அணைக்கணும் என்று விருத்தாசலம் பக்கத்து விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாள் தவறினால் காய் பிடிக்காது. பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதற்கும் அப்படி ஒரு நாள் கணக்கு உண்டு.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பால் மட்டும் பத்தாது. பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து அப்போது குறைந்துவிடும். "பல் முளைக்கட்டும், ஒரு வயசு ஆகட்டும்" என்று தள்ளிப்போட்டால் சோகை வரும், வளர்ச்சி குன்றும்.

என்ன கொடுப்பது? குழைந்த சோறும் பருப்பும் மசித்து, கொஞ்சம் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்க. முளைகட்டிய கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சலாம். மசித்த கீரை, வாழைப்பழம், நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன் எல்லாம் ஒவ்வொன்றாகப் பழக்கலாம். வெறும் கஞ்சித் தண்ணி வயிற்றை நிரப்பும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதமே சரி.

நம்ம ஊர் பீங்கானுக்குப் பேர் போனது. பிள்ளைக்கென்று தனியாக ஒரு கிண்ணம் வையுங்க. எவ்வளவு சாப்பிட்டது என்று அப்போதுதான் தெரியும். முதலில் இரண்டு மூன்று கரண்டி. போகப் போக வேளைக்கு 125 மில்லி அளவு. எட்டு மாதம் வரை தினம் 2, 3 வேளை; ஒன்பதாம் மாதத்திலிருந்து 3, 4 வேளை. இரண்டு வயது வரை தாய்ப்பாலும் தொடரட்டும்.

இன்னொன்று. நல்ல பருப்பை மண்டிக்கு அனுப்பிவிட்டு, சொத்தையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளாதீங்க. பூஞ்சணம் பிடித்த மல்லாட்டையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் அது முழுசாகப் போகாது. நல்ல பருப்பை வறுத்து, நைசாகப் பொடித்துக் கூழில் கலந்து கொடுங்க. முழு மல்லாட்டையும் முந்திரியும் தொண்டையில் அடைக்கும், கொடுக்கக் கூடாது. ஒரு வயது வரை தேனும் வேண்டாம்.

வயிற்றுப்போக்கு என்றால் சோற்றை நிறுத்திவிடுவார்கள். அது தவறு. உப்பு சர்க்கரைக் கரைசலோடு, உணவையும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊட்டுங்க; உடனே ஆஸ்பத்திரியிலும் காட்டுங்க.

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு இலவசம். வாங்கி வந்து, அந்தப் பிள்ளைக்கே ஊட்டுங்க. மாதம் ஒருமுறை எடையும் போட்டுப் பாருங்க. எடை ஏறவில்லை என்றால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கேளுங்க.