ரெண்டு அரேயும் ஒண்ணா?

இன்னிக்கு எபிசோட் அரே பத்தி. புதுசா கோடிங் கத்துக்கறவங்களுக்காகத்தான் பேசுறேன். ஆனா வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆனவங்களும் இதுல மாட்டிக்கிட்டு முழிப்பாங்க.

அரேன்னா மதிப்புகளை வரிசையா வெச்ச ஒரு தொகுப்பு. பைத்தான்ல இதே வேலையைச் செய்றதுக்கு லிஸ்ட்னு பேர். ஜாவாஸ்கிரிப்ட்லயும் பைத்தான்லயும் சதுர அடைப்புக்குறிக்குள்ள கமா போட்டு எழுதுறோம். ஒரு க்விஸ் ஆப் செய்றோம்னு வெச்சுக்குவோம். மூணு கேள்வி. சரியான ஆப்ஷன்கள் இவை:

விடை = [2, 4, 1]

எண்ணிக்கை 0-ல ஆரம்பிக்கும். அதனால விடை[0] என்பது 2, விடை[2] என்பது 1. அப்போ விடை[3]? அப்படி ஒரு இடமே இல்லை. பைத்தான் எரர் காட்டி நின்னுடும். ஜாவாஸ்கிரிப்ட் ‘அன்டிஃபைன்ட்’னு சொல்லிட்டு அமைதியா அடுத்த வரிக்குப் போயிடும். அந்த அமைதியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்போ ஒரு மாணவி மூணு கேள்விக்கும் சரியா பதில் போடுறாங்க:

பதில் = [2, 4, 1]

ரெண்டும் சமமான்னு பார்க்க விடை == பதில் என்று எழுதுறோம். பைத்தான் ‘ட்ரூ’ன்னு சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் ‘ஃபால்ஸ்’னு சொல்லும். மூணு ஈக்வல் போட்டாலும் அதே ஃபால்ஸ்தான். ஜாவாவும் அப்படித்தான். எல்லாம் சரியா எழுதின பொண்ணுக்கு மார்க் பூஜ்யம். எரர் எதுவும் வராது. ‘நான்தான் தப்பா போட்டுட்டேன் போல’ன்னு அந்தப் பொண்ணு நினைச்சுக்கும்.

ஏன் இப்படி? ஒரு அபார்ட்மென்ட்டை நினைச்சுப் பாருங்க. முதல் மாடி வீடும் ரெண்டாவது மாடி வீடும் ஒரே பிளான். ஹால், கிச்சன், பெட்ரூம் எல்லாம் அச்சு அசல் ஒண்ணுதான். ஆனா கதவு நம்பர் வேற. பைத்தான் கதவைத் திறந்து உள்ளே போய், ஒவ்வொரு ரூமா ஒப்பிட்டுப் பார்க்குது. ஜாவாஸ்கிரிப்ட்டும் ஜாவாவும் கதவு நம்பரை மட்டும் பார்த்துட்டுத் திரும்பிடுது. அதாவது, மெமரில ரெண்டும் ஒரே பொருளான்னு மட்டும்தான் கேட்குது.

இதே விஷயம் தலைகீழாவும் கடிக்கும். ‘விடையை யாராவது மாத்திட்டா தெரியணும், ஒரு காப்பி எடுத்து வெப்போம்’னு நினைச்சு இப்படி எழுதுறோம்:

காப்பி = விடை

இது காப்பியே இல்லைங்க. ஒரே வீட்டுக்கு ரெண்டு பேர், அவ்வளவுதான். இப்போ காப்பி[0] = 3 என்று மாத்தினா விடை[0]-ம் 3 ஆயிடும். அப்புறம் ரெண்டையும் ஒப்பிட்டா, எப்பவும் ‘சமம்’னுதான் வரும். பைத்தான்லயும் இதே கதைதான். முதல் கேஸ்ல சரியானதைத் தப்புன்னு சொல்லுச்சு. இங்க மாறினதையே மாறலைன்னு சொல்லுது.

என்ன செய்யலாம்? ஜாவாஸ்கிரிப்ட்ல முதல்ல ரெண்டோட நீளமும் ஒண்ணான்னு பாருங்க. அப்புறம் ஒரு லூப் போட்டு, அதே இடத்துல இருக்கற மதிப்புகளை ஒவ்வொண்ணா ஒப்பிடுங்க. நீளத்தைப் பார்க்காம விட்டா, ரெண்டே கேள்விக்குப் பதில் போட்டவர் முழு மார்க் வாங்கிடலாம். ஜாவால ‘அரேஸ் டாட் ஈக்வல்ஸ்’ இந்த வேலையை உங்களுக்காகச் செஞ்சுடும். காப்பி வேணும்னா ஜாவாஸ்கிரிப்ட்ல ‘ஸ்லைஸ்’, பைத்தான்ல ‘காப்பி’ மெத்தட் இருக்கு. ஆனா அரேக்குள்ள இன்னொரு அரே இருந்தா, உள்ளே இருக்கறதுக்கு மறுபடி இதே கேள்வி வரும். அதைத் தனியா கவனிக்கணும்.

புது லாங்குவேஜ் எதைத் தொட்டாலும் முதல் நாளே இதைச் சோதிச்சுப் பாருங்க. ஒரே மதிப்புகளோட ரெண்டு அரே எழுதி, நடுவுல ரெண்டு ஈக்வல் போட்டு ரன் பண்ணுங்க. அந்த லாங்குவேஜ் வீட்டுக்குள்ள போகுதா, வாசல்லயே நிக்குதான்னு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.