எதில் சிக்கனம்?

சிக்கனத்தைப் பற்றிப் பேசுவது எளிது. பொறுமையாகக் கேட்பதுதான் கடினம். ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றிய காலத்தில், 'சிக்கனம்' என்ற தலைப்பில் மாணவர் எழுதிய கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். எல்லாக் கட்டுரைகளிலும் எறும்பு வரும், தேனீ வரும், சிறு துளி பெருவெள்ளமாகும். ஆனால் அந்த எறும்பு தன் வயிற்றைக் காயப்போட்டுச் சேர்த்ததா, உண்டது போக எஞ்சியதைச் சேர்த்ததா என்று எந்த மாணவரும் எழுதியதில்லை. இளம் நண்பர்களே, இன்று அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். சேமிப்பது நன்று, எதிலிருந்து எடுத்துச் சேமிப்பது?

நான் வாழ்வது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில். இராமானுசர் அவதரித்த தலம் என்று உலகம் அறிந்த ஊர் அது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்று வழங்குவார்கள். ஆண்டு முழுவதும் நீர் ஓடும் பேராறு எங்களுக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் முன்னோர் ஆண்டு முழுவதையும் கடத்தினார்கள். எங்களுக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழு ஆழம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் அந்த ஏரி, மூன்று மாத வரவை வைத்துப் பன்னிரண்டு மாதச் செலவை நடத்தும் ஒரு பெரிய குடும்பக் கணக்கு என்றே எனக்குத் தோன்றும்.

ஏரியில் இரண்டு வழிகளில் நீர் வெளியேறும். ஒன்று மதகு, அது பயிருக்குச் செல்லும் நீர். மற்றொன்று கலங்கல், ஏரி நிறைந்த பிறகு மிகுதியானது வழியும் இடம். பயிர் வாடும்போது மதகை அடைத்துவிட்டு, 'ஆகா, என் ஏரி நிறைந்திருக்கிறது' என்று மகிழும் உழவன் உண்டா? கரையில் ஓட்டை விழுந்து நீர் வீணாகும்போது அதைப் பாராமல் இருப்பவன்தான் உண்டா? ஆனால் இந்த ஏரிகளின் கரையிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கும் எத்தனையோ இளைஞரும் பெண்களும் இவ்விரண்டையும் ஒருசேரச் செய்துகொண்டிருப்பதை நான் நாள்தோறும் காண்கிறேன்.

1996ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998இல் முதல் கார் வெளிவந்தது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளாகங்கள் பெருகின. கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று இங்கே செய்யப்படாத பொருள் குறைவு. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். ஓர் அறையில் நால்வர், அறுவர் என்று தங்கினார்கள். முதல் மாத ஊதியம் கைக்கு வந்த அன்றே பாதிக்கு மேல் ஊருக்குப் போய்விடும். இதில் குறை கூற ஒன்றுமில்லை. தங்கையின் படிப்பும் தந்தையின் மருந்தும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன.

என் பழைய மாணவி ஒருத்தி இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். செய்தி கேட்டு மருத்துவமனைக்குச் சென்றேன்.

"காலையில் என்ன சாப்பிட்டாய், அம்மா?" என்று கேட்டேன்.

"தேநீர் குடித்தேன், ஐயா. கம்பெனிப் பேருந்து ஐந்தரைக்கே வந்துவிடும். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டால் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகுமே என்று பார்த்தேன்" என்றாள்.

குருதியில் ஹீமோகுளோபின் எட்டு என்று சோதனையில் வந்தது. அந்த வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். ஆறு மாதமாக அவள் மிச்சம் பிடித்தது ஆறாயிரம் ரூபாய். படுத்திருந்த நாட்களில் கூடுதல் நேர ஊதியம் போயிற்று; அந்த மாதத்து வருகை ஊக்கத்தொகை போயிற்று; அம்மா ஊரிலிருந்து பதறி ஓடி வந்த பயணச் செலவு, பழம், மருந்து எல்லாம் சேர்ந்தன. நான் கணித ஆசிரியன்; மருத்துவமனை மரத்தடியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஆறாயிரம் போதவில்லை.

இது ஒருத்தியின் கதையன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குக் குருதிச்சோகை இருப்பதாகக் கண்டார்கள். பாதிக்கு மேல்! வயலும் வேலையும் செழித்த மாநிலத்தில் இந்த நிலை என்றால், வயிற்றைப் பற்றிய நம் எண்ணத்திலேயே ஏதோ கோணல் இருக்கிறது.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இந்த நாட்டில் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காமராசர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. பணம் போதாத காலத்தில்கூட அரசாங்கம் உணவில் கைவைக்கவில்லை. உணவை முதற்செலவாக எழுதிற்று. பள்ளியில் அப்படி வளர்ந்த பிள்ளை, சம்பாதிக்கத் தொடங்கியதும் உணவைக் கடைசிச் செலவாக எழுதுகிறது என்பது விந்தையல்லவா?

'நல்ல உணவு என்றால் விலை அதிகமாயிற்றே' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. விளம்பரத்தில் வரும் உணவுதான் விலை அதிகம். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் தேறுவதே அரிது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் தொண்டை மண்டலத்தார் நாங்கள், மற்றப் பதினொரு மாதங்களும் அந்தக் கூழை மறந்துவிட்டோம். நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய இருபத்தைந்து கிராம் புரதம் உண்டு. முதல்நாள் இரவு ஊறவைத்து, காலையில் குக்கரில் ஒரு தடவை வேகவிட்டால் நால்வருக்குப் போதும். பழைய சோற்றைப் பற்றி நான் புகழ வேண்டியதில்லை. உங்கள் பாட்டிமார் புகழ்வார்கள். வேலிக்கு வேலி முருங்கை நிற்கும் நாட்டில் கீரைக்கு ஏது பஞ்சம்?

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதை மட்டும் சற்று நிதானமாகக் கேளுங்கள். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து நம் உடலில் எளிதாகச் சேர்வதில்லை. உடன் ஓர் எலுமிச்சை மூடியோ ஒரு நெல்லிக்காயோ இருந்தால் மிகுதியாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் சேர வேண்டியதும் தடைப்படும். தொழிற்சாலைப் பிள்ளைகள் தேநீரைத்தான் உணவுபோலக் குடிக்கிறார்கள். தேநீரை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகையால் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறேன். இதற்குக் காலணாச் செலவில்லை.

உணவும் உறைவிடமும் ஒரு பெண்ணின் தனிக் கவலை மட்டுமல்ல என்பதை எங்கள் பகுதி 2021 டிசம்பரில் அறிந்தது. தொழிலாளர் விடுதி ஒன்றில் உண்ட உணவு கெட்டுப்போய், 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழியர் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. கைப்பேசிகள் உலகச் சந்தைக்குப் போகும் இடத்தில், அவற்றைச் செய்த கைகளுக்குத் தூய சோறும் படுக்க இடமும் இல்லையா என்று பலரும் கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய குடியிருப்பைச் சிப்காட் 706 கோடி ரூபாய்ச் செலவில் கட்டித் திறந்தது. சாலையில் அமர்ந்த அந்தப் பெண்களைச் சிலர் அப்போது கடிந்துகொண்டார்கள். எனக்கு அவர்கள்மீது மதிப்புத்தான் ஏற்பட்டது. கெட்ட சோற்றைப் பொறுத்துக்கொள்வது சிக்கனமும் அன்று, பண்பும் அன்று.

தூக்கத்தைப் பற்றி ஒரு சொல். காலை, மாலை, இரவு என்று மூன்று ஷிப்டு நடக்கும் இடத்தில், ஒரே அறையில் மூவர் மூன்று வேளையில் உறங்க வேண்டியிருக்கிறது. நான் அறிந்த ஓர் அறையில் பெண்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இரவு ஷிப்டு முடித்து வருபவள் படுக்கும் மூலைக்குக் கறுப்புத் துணியால் ஒரு திரை. அவள் உறங்கும்போது வானொலி இல்லை, கைப்பேசியில் படம் இல்லை. சமையல், அவள் எழுந்த பிறகுதான். எளிய ஏற்பாடு, ஒரு பழைய சேலைதான் முதலீடு. ஆனால் உறக்கத்தை விற்றுக் கூடுதல் நேரம் பார்ப்பவனுக்கு எந்தத் திரையும் உதவாது.

சரி, வயிற்றிலும் உறக்கத்திலும் பிடிக்கக் கூடாது என்றால் எங்கே பிடிப்பது? கரையில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது தவணையில் இருக்கிறது. 24,000 ரூபாய்க் கைப்பேசியை மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு தவணையில் வாங்குகிறான். 'வட்டியில்லை' என்கிறார்கள், ஆனால் செயலாக்கக் கட்டணம் என்று தனியாக ஒன்று எழுதுகிறார்கள். அது போகட்டும். கடன் அட்டையில் நிலுவை வைத்தால் மாதம் மூன்றரை விழுக்காடு வட்டிகூட ஏறக்கூடும். மூன்றரைதானே என்று எண்ணாதீர்கள். கூட்டு வட்டி படித்த மாணவர்கள் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய் பன்னிரண்டு மாதத்தில் 15,100 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். காலைச் சோற்றை விட்டு மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய், இந்த ஓட்டை வழியே ஓசையின்றி ஓடிவிடுகிறது.

வேலை என்றும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் தவணையில் கையெழுத்திடுகிறோம். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞருக்கு, அவர்களுள் பெரும்பாலும் பெண்களுக்கு, அது வாழ்வளித்தது. 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. எட்டே ஆண்டுகள்! அன்று இருபத்தாறு வயதில் வேலை இழந்தவர் எத்தனையோ பேர். தவணை பாக்கி இருந்த வீட்டுக்கும், ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருந்த வீட்டுக்கும் அந்த நவம்பர் ஒரே நவம்பராக இருந்திருக்க முடியாது.

இனி, யாரும் சொல்லித்தராத ஒரு சேமிப்பைச் சொல்கிறேன். வருங்கால வைப்பு நிதி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 15,000 ரூபாய் அடிப்படை ஊதியத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 1,800 ரூபாய் நம்மிடம் பிடிப்பார்கள். முதலாளியும் 1,800 தருவார். அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போக, 550 நம் நிதியில் சேரும். மாதம் 2,350. ஐந்தாண்டில் வட்டி இல்லாமலே 1,41,000 ரூபாய்! ஆனால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ஒரு கம்பெனியை விட்டு மற்றொன்றுக்குப் போகும்போதெல்லாம் பணத்தை எடுத்து மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். கணக்கு எண்ணை மாற்றாமல் புதிய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்லூரி மாணவர்களே, வேலைக்குச் சேரும் முதல் நாளில் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு பணி இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்து, உங்கள் வீட்டின் ஒரு மாதக் கணக்கை எழுதுங்கள். முதற்பத்தியில் உணவு, இரண்டாவதில் வாடகை, மருந்து, படிப்பு, மூன்றாவதில் சேமிப்பு, எஞ்சியவை நான்காவதில். தவணை எந்தப் பத்தியில் வரும் என்று அப்பாவிடம் கேளுங்கள். அவர் சற்று யோசிப்பார். அம்மா காலையில் சாப்பிட்டாரா என்பதையும் நாள்தோறும் ஓரத்தில் குறித்துவாருங்கள். பல வீடுகளில் அந்த ஓரம் வெறுமையாகவே இருக்கும் என்பதை நான் என் மாணவர்களின் நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். கடைத்தெருவில் குடித்த தேநீரையும் விடாமல் எழுதுங்கள். எவ்வளவு சொன்னாலும் பையன்கள் அதை மட்டும் எழுத மறந்துவிடுவார்கள்.