நான்கு தூரங்கள்: பன்னாட்டு வணிகப் பாடத்தில் ‘பண்பாடு’ என்ற விடை

(முதுகலை வணிகவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நேராகப் பாடத்துக்கு வந்துவிடுகிறேன்.

மேல்நிலை வகுப்பில் பன்னாட்டு வணிகம் நடத்தும்போது, ‘ஒரு நிறுமம் வெளிநாட்டில் ஏன் தோற்கிறது?’ என்று கேட்டால், மாணவர்களிடமிருந்து முதலில் வரும் சொல் ‘பண்பாடு’. ‘அந்த நாட்டு மக்களின் பண்பாட்டைப் புரிந்துகொள்ளவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். நாமும் மதிப்பெண் போட்டுவிடுவோம். விடை தவறில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு சிந்தனை நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க மாணவரைப் பழக்குவது எப்படி என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட செய்தி.

ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் வால்மார்ட் 1997-இல் ஜெர்மனிக்குள் நுழைந்தது. வெர்ட்காஃப் என்ற நிறுவனத்தின் 21 கடைகளை வாங்கியது. அடுத்த ஆண்டு இன்டர்ஸ்பாரின் 74 கடைகளை வாங்கியது. உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுமம், ஐரோப்பாவின் மிகப் பெரிய பொருளாதாரத்துக்குள் காலெடுத்து வைக்கிறது. 2006-இல் மீதமிருந்த 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. ஏறத்தாழ 100 கோடி டாலர் இழப்பு.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் மாணவர்களுக்கு மிகவும் பிடித்துப்போவது ஒரு துணுக்கு. வால்மார்ட் கடைகளில் வாசலில் ஒருவர் நின்று வரவேற்பார், ஊழியர்கள் புன்னகைக்க வேண்டும், வாங்கிய பொருளைப் பையில் போட்டுத் தருவார்கள். அமெரிக்காவில் எடுபட்ட இந்த வழக்கம் ஜெர்மனியில் எடுபடவில்லை. முன்பின் தெரியாதவர் சிரிப்பதே அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். வகுப்பு சிரிக்கும். ‘ஜெர்மன்காரங்க சிரிக்கவே மாட்டாங்களாம் மிஸ்’ என்று ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

இந்த இடத்தில் நாம் பாடத்தை நிறுத்தக் கூடாது. கடை வாசலில் ஒருவர் சிரித்ததாலா 100 கோடி டாலர் போகும்? வேறு என்ன நடந்தது என்று தேட வைக்க வேண்டும்.

தேடினால் கிடைப்பவை இவை. ஜெர்மனியில் கடைகள் எப்போது திறக்கலாம், எப்போது மூட வேண்டும் என்பதற்குத் தனிச் சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அமெரிக்காவில் இரவு பகலாகக் கடை திறந்து பழகிய நிறுமத்துக்கு அந்தப் பலம் அங்கே பயன்படவில்லை. அடுத்து, வால்மார்ட்டின் பெயரே குறைந்த விலையால் வந்தது. ஆனால் 2000-இல் ஜெர்மனியின் போட்டி ஒழுங்குமுறை அலுவலகம், பால், சர்க்கரை போன்ற அடிப்படைப் பொருட்களைக் கொள்முதல் விலைக்கும் கீழே விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு வால்மார்ட்டுக்கு மட்டும் வரவில்லை; ஆல்டி, லிடில் என்ற உள்ளூர்ப் போட்டியாளர்களுக்கும் வந்தது. அந்த இரண்டு பெயர்களையும் மாணவர்கள் அடிக்கோடிட வேண்டும். சிறிய கடை, குறைந்த வகைப் பொருட்கள், பெரும்பாலும் சொந்தப் பெயரில் வரும் சரக்கு, மிகக் குறைந்த விலை என்ற வணிகத்தில் அவர்கள் பல பத்தாண்டுகள் ஊறியவர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதை இது.

இன்னொன்றும் உண்டு. ஊழியர்களுக்கிடையே காதல் உறவு கூடாது என்பது உட்பட, அமெரிக்காவில் எழுதிய நடத்தை விதிகளை ஜெர்மன் கடைகளிலும் நடைமுறைப்படுத்தப் பார்த்தது நிறுமம். 2005-இல் தொழிலாளர் நீதிமன்றங்கள் அவற்றில் சிலவற்றைச் செல்லாது என்றன. அங்கே தொழிலாளர் குழுவைக் கலந்துகொள்ளாமல் அப்படிப்பட்ட விதிகளை நிறுமம் தானாகக் கொண்டுவர முடியாது. இதைப் பண்பாடு என்பதா, சட்டம் என்பதா? சட்டம்தான். முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய சட்டம்.

அதே 2006-இல் வால்மார்ட் தென் கொரியாவிலிருந்தும் வெளியேறியது. தன் 16 கடைகளையும் ஷின்செகே என்ற கொரிய நிறுவனத்திடம் விற்றது. இதை நான் வகுப்பில் சொல்லிவிட்டுச் சற்றுக் காத்திருப்பேன். ஜெர்மானியர் பண்பாடும் கொரியர் பண்பாடும் ஒன்றா? இல்லை. அப்படியானால் இரண்டு நாட்டிலும் பொதுவாக இருந்தது என்ன? வலுவான உள்ளூர்ப் போட்டியாளரும், அவருக்கு ஈடுகொடுக்கப் போதாத கடை எண்ணிக்கையும் என்ற விடைக்கு மாணவர்கள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். பிறகு மெக்சிகோவைச் சொல்வேன். அங்கே வால்மார்ட் 1991-இல் சிஃப்ரா என்ற உள்ளூர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து நுழைந்தது, ஊன்றி வளர்ந்தது. ஒரே நிறுமம், மூன்று நாடுகள், இரண்டு முடிவுகள். இப்போது ‘பண்பாடு’ என்ற ஒற்றை விடை மாணவருக்கே போதாமல் போகிறது.

இந்தத் தேடலுக்கு ஒரு சட்டகம் வேண்டும். பங்கஜ் கெமாவத் என்ற பேராசிரியர் 2001-இல் எழுதிய கட்டுரையில், நாடுகளுக்கிடையே நான்கு வகைத் தூரங்கள் இருப்பதாகச் சொன்னார். பண்பாட்டுத் தூரம்: மொழி, சமயம், பழக்கவழக்கம். நிர்வாகத் தூரம்: சட்டம், வரி, நாணயம், அரசு உறவு. புவியியல் தூரம்: கிலோமீட்டர், துறைமுகம், சாலை, தட்பவெப்பம். பொருளாதாரத் தூரம்: மக்களின் வருமானம், கூலி, கையில் பணம் புழங்கும் விதம். நான்கையும் கரும்பலகையில் நான்கு கட்டமாகப் போட்டுவிட்டு, வால்மார்ட் செய்திகளை ஒவ்வொன்றாக எந்தக் கட்டத்தில் வைப்பது என்று கேளுங்கள். புன்னகை முதல் கட்டத்துக்குப் போகும். கடை நேரம், விலை உத்தரவு, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் இரண்டாவது கட்டத்தில் குவியும். எது கனமான கட்டம் என்று கண்ணாலேயே தெரியும்.

நம் ஊரிலிருந்தே ஒரு சான்று சொல்கிறேன். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டைப் பார்க்காத மாணவர் கிடையாது. அதன் தொடக்கத்தில் கடலூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். சின்னி கிருஷ்ணன், ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடி. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொழில் தொடங்கி, ‘சிக்’ ஷாம்புவைச் சிற்றூர்களுக்கெல்லாம் கொண்டுபோனார். பாட்டிலில் விற்றுப் பழகிய பெரிய பன்னாட்டு நிறுமங்களும் பாக்கெட்டுக்கு வந்தன.

‘இந்தியர்கள் ஏன் பாக்கெட் ஷாம்பு வாங்குகிறார்கள்?’ என்று கேட்டால், ‘சிக்கனம் நம் பண்பாடு’ என்று விடை வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாள் கூலி வாங்கும் வீட்டில் பணம் நாள் கணக்கில் வருகிறது. செலவும் நாள் கணக்கில்தான் போகும். மாதச் சம்பளம் வருகிற வீட்டில் பாட்டில் இருக்கும். அது நான்காவது கட்டம். நம் மாணவர்களில் பலர் வீட்டில் நடப்பதும் இதுதான். எந்த மேலாண்மைப் பேராசிரியரையும்விட அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த அறிவைப் பாடத்துக்குள் அழைத்து வருவது நம் வேலை.

அப்படியென்றால் பண்பாடு என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. மெக்டொனால்ட்ஸ் 1996-இல் இந்தியாவில் முதல் கடையைத் திறந்தபோது, அதன் அடையாளமாக இருந்த மாட்டிறைச்சிப் பர்கரை விட்டுவிட்டுத்தான் திறந்தது. இதைப் பண்பாட்டுக் கட்டத்தில்தான் வைக்க வேண்டும். கெல்லாக்ஸ் 1994-இல் சோளச் செதில்களோடு வந்தது. குளிர்ந்த பாலில் மொறுமொறுப்பாகச் சாப்பிட வேண்டிய உணவு அது. நாம் சூடான பாலை ஊற்றினோம்; கூழாகிவிட்டது. இதுவும் பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்துக்குப் பின்னாலும் காரணம் உண்டு. கறந்த பாலைக் காய்ச்சாமல் குடித்தால் உடம்புக்கு ஆகாது என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. ‘அவர்கள் பழக்கம் அப்படி’ என்று சொல்வதற்கும், ‘அந்தப் பழக்கம் எதனால் வந்தது’ என்று கேட்பதற்கும் இடையில்தான் பகுப்பாய்வு தொடங்குகிறது.

இதை வலியுறுத்திச் சொல்ல எனக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மேலாண்மைப் படிப்பில் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு அறிஞரின் மதிப்பெண்கள் புகழ் பெற்றவை. ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்தாய்விலிருந்து, 1980-இல் நூலாக வெளியிட்டார். மேலிருப்பவரின் அதிகாரத்தைக் கீழிருப்பவர் எந்த அளவுக்கு இயல்பாக ஏற்கிறார் என்பதற்கு ஓர் அளவுகோல்: இந்தியா 77, ஆஸ்திரியா 11. இந்த எண்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. பட்டப்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் கட்டாயம் சந்திப்பார்கள்.

ஆனால் 77 என்பது சராசரி. அதுவும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களுடைய சராசரி. அதைத் தனி மனிதர் மேல் ஒட்டக் கூடாது என்று ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்தார். இதை விளக்க நான் வகுப்புத் தேர்வையே எடுத்துக்கொள்வேன். வகுப்புச் சராசரி 62 என்றால், இந்த மாணவி எத்தனை மதிப்பெண் என்று சொல்ல முடியுமா? முடியாது என்று எல்லோரும் சொல்வார்கள். பிறகு ஏன் ஒரு நாட்டின் எண்ணை வைத்து ஒரு மனிதரைச் சொல்கிறோம்?

இப்போது நம் வகுப்பறைகளை நினைத்துப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம்மிடம் தமிழ்வழியில் படிக்கிறார்கள். பண்பாடு பற்றிய ஒரு பாடவேளையில், ‘அந்த ஊர்க்காரங்க அப்படித்தான் மிஸ்’ என்று ஒரு குரல் வந்தது. அந்த ஊர்ப் பையன் மூன்றாவது பெஞ்சில் இருந்தான், தலை நிமிரவில்லை. ‘எந்தக் கட்டத்தில் எழுதலாம் இதை?’ என்று மட்டும் கேட்டேன். சொன்ன மாணவன் கரும்பலகையைப் பார்த்தான். சட்டமா, தூரமா, கூலியா, பழக்கமா என்று யோசித்தான். எதிலும் எழுத முடியவில்லை. ‘அப்படித்தான்’ என்பதற்குக் கட்டம் இல்லை என்று வகுப்பே கண்டுகொண்டது. பண்பாட்டைப் பட்டியலாக நடத்தினால், வெறும் முன்முடிவுக்குப் பாடநூலின் மரியாதை கிடைத்துவிடும். நாம் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

கடைசியாக ஒன்று. பகுப்பாய்வு என்றால் நாம் பிறரைப் பார்ப்பது மட்டும் கிடையாது. பிறரும் நம்மைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கே வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றபோது, வரி வழக்கு காரணமாக இந்த ஆலை அந்த விற்பனைக்குள் வரவில்லை. வேலை இழந்தவர்களில் யாருடைய பண்பாட்டிலும் குறை இல்லை. துறைமுகம் அருகே இருந்ததும் கூலியும் திறமையும் அவர்களை இங்கே வரவழைத்தன. வரி வழக்கும் உலகச் சந்தையில் அந்தக் கைபேசிகளுக்கு வந்த சரிவும் ஆலையை நிறுத்தின. நான்கு கட்டங்களையும் அறிந்த மாணவர், நாளை ஒரு பன்னாட்டு நிறுமத்தில் வேலைக்குச் சேரும்போது, சம்பளத்தோடு சேர்த்து இந்தக் கணக்கையும் பார்ப்பார்.

எனவே நான் கேட்டுக்கொள்வது எளிய செயல். ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். குழுவுக்கு ஒரு நிறுமம், ஒரு நாடு. நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்க்கத்தக்க ஒரு செய்தியாவது எழுத வேண்டும். ‘அவர்கள் இப்படிப்பட்டவர்கள்’ என்று தொடங்கும் வாக்கியம் வரக் கூடாது. கடைசி வரியில், ‘இந்த நிறுமத்துக்கு நீங்கள் சொல்லும் உத்தி என்ன? எந்தக் கட்டத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்ற வினா. தாளும் பேனாவும் போதும்; திறன்பலகை இல்லாத பள்ளியிலும் செய்யலாம்.

தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கும் இது உதவும். அதைவிட, அறிமுகம் இல்லாத ஒருவரைப் பார்த்ததும் முடிவு கட்டாமல் ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வரும். வணிகவியல் ஆசிரியர்களாகிய நம்மால் கொடுக்க முடிந்த பழக்கம் அது.