எழும்பும் தூரம்

அரியலூர் மாவட்டத்தில் உள்ள நம் கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமானது; 2024-இல் ராம்சார் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே வருகின்றன.

ஆள் எவ்வளவு நெருங்கினால் பறவை எழும்பும்? அந்தத் தூரத்தை ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். அது நிலையானதல்ல. தொந்தரவில்லாமல் ஆட்கள் தினமும் நடமாடும் இடத்தில் குறையும். வேட்டை நடக்கும் இடத்தில் கூடும். தன் போக்கில் நடந்து போகிறவரைவிட, நேராகத் தன்னை நோக்கி வருபவருக்கே பறவை பெரும்பாலும் அதிகம் அஞ்சும். எவ்வளவு நுட்பமான கணக்கு! வீணாக எழும்பினால் மேய்ச்சலும் கெடும், ஊர் திரும்பச் சேர்த்துவைத்த கொழுப்பும் கரையும். அதனால், கைப்பேசிப் படத்துக்காக ஏரிக்குள் இறங்காதீர்கள். கரையில் நின்றே பாருங்கள்.