மிச்ச நூலில் பின்னிய எழுத்து

(ஆண்டு விழாவின் மாதர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியம் பேச வல்லாரும், இசை பாட வல்லாரும் நிறைந்த இம்மேடையில், கையில் கொக்கி ஊசியும் மடியில் நூலுருண்டையுமாக வந்து நிற்கின்றோம். துண்டு நூலைக் கொண்டு குரோஷாப் பின்னலால் கைக்குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துப் பொம்மைகள் செய்யும் எங்கள் சிறு முயற்சியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பொருள் சிறிது. ஆயினும் அதன் பின்னே நிற்கும் கவலை சிறிதன்று.

நாங்கள் பாறசாலைக்கும் நெய்யாற்றங்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களிற் பிறந்து, பிழைப்பின் பொருட்டு இவ்வடபுலத்து நகரில் குடியேறியவர்கள். களியக்காவிளையைத் தாண்டினால் இஞ்சிவிளை. அதற்கப்பால் பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று சாலை நெய்யாற்றங்கரைக்குச் செல்லும். எல்லை என்பது அங்கே ஒரு பெயர்ப்பலகைதான். அதற்கு இப்பாலும் அப்பாலும் ஒரே தென்னை, ஒரே மரச்சீனி, ஒரே உறவு முறை. பெண் கொடுப்பதும் கொள்வதும் எல்லையைக் கேட்டு நடப்பதில்லை.

ஆனால் பள்ளிக்கூடம் எல்லையைக் கேட்கும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் நெய்யாற்றங்கரையும் இடம்பெற்றிருந்தது. எனினும் அது கேரளத்திலேயே நின்றது. அதன்பின் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மொழிச் சிறுபான்மையினர் ஆயின.

சட்டம் அவர்களைக் கைவிட்டதென்று சொல்லமாட்டோம். அதே 1956-ஆம் ஆண்டில் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்தல் வேண்டும் என்கின்றது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமோ, தமிழ் பேசும் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கின்றது. ஆனால் எழுதுவதற்கு எழுத்துத் தெரிய வேண்டுமன்றோ? தமிழ்ப் பள்ளி தொலைவிலும் மலையாளப் பள்ளி அண்மையிலும் இருக்கும் வீட்டில், குழந்தை அண்மையிலுள்ள பள்ளிக்கே செல்கின்றது. வீட்டிலே தமிழ் பேசுகின்றது. பேசும் தமிழை அது படிப்பதில்லை. இரண்டு தலைமுறைக்குள் தமிழ் காதுக்கு மட்டும் உரிய மொழியாகிவிடுகின்றது. இந்நகரில் வளரும் நம் பேரக் குழந்தைகளின் நிலையும் இதுவே என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர்.

இந்நோய்க்கு நூலும் ஊசியும் மருந்தாகுமா என்று நீங்கள் வினவலாம். எங்கள் நாட்டின் பழைய வரலாறு ஒன்று எங்களுக்குத் துணிவு தந்தது.

1819-ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையார், அடுத்த சில ஆண்டுகளுக்குள் தாம் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். தலையணை போன்ற திண்டின்மேல் குண்டூசிகளை நட்டு, சிறு கட்டைகளிற் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை அது. எங்கள் பாட்டிமார் அதனை ‘ரேந்தை’ என்பர். போர்த்துக்கீசியச் சொல் நம் நாட்டில் தங்கி அவ்வாறு வழங்கிற்று. அங்குக் கற்ற பெண்களிற் பலர் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பின்னலால் வந்த காசைச் சேர்த்துத் தம் விலையைக் கட்டி விடுதலை பெற்றவர்களும் அவர்களுள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்த நெடும் போராட்டத்திற்கு அரசு இணங்கி அறிக்கை விட்டது 1859-இல். இவ்விரண்டுக்கும் முன்னரே, நூலைப் பிடித்த சில விரல்கள் தம் விலங்கைத் தாமே அவிழ்த்தன. 1840-களின் நடுவிலே பாறசாலையிலும் ஜான் ஆப்ஸ் என்பாரின் பொறுப்பில் மிஷன் நிலையம் ஒன்று அமைந்தது. ஆகவே இக்கதை எங்களுக்கு அயலூர்க் கதையன்று.

நாகர்கோவில் பள்ளியில் பின்னலும் படிப்பும் ஒரே கூரையின்கீழ் நடந்தன என்பதை நாங்கள் பன்முறை எண்ணிப் பார்த்திருக்கின்றோம். ஊசி பிடித்த கையே எழுத்தையும் பிடித்தது. கையையும் கல்வியையும் வேறு வேறாகப் பிரித்தது பிற்காலத்து வழக்கமே. நம் திண்ணைப் பள்ளியிலும் பிள்ளை முதலில் மணலிலே விரலால் எழுதிற்று. விரல் கற்ற பின்னரே கண் கற்றது. மேல்நாட்டிலும், குழந்தைத் தோட்டப் பள்ளியைத் தோற்றுவித்த பிரோபெல் என்னும் செருமானியப் பெரியார், தாம் வகுத்த விளையாட்டுப் பொருள்களுள் முதலாவதாக வைத்தது ஆறு நிறங்களில் நூலாற் பொதிந்த மெல்லிய பந்துகளையே. 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து, போரின் காரணமாக நம் நாட்டிலேயே பல ஆண்டு தங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலாலே தடவிப் பழகும் முறையைக் கண்டவர். நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை என்பதற்கே இவற்றைக் கூறினோம்.

இனி எங்கள் வேலைக்கு வருவோம். இந்நகரின் குளிர் நம் பெண்களுக்குக் கம்பளி பின்னக் கற்பித்தது. ஒவ்வொரு குளிர்காலத்தின் முடிவிலும் வீட்டிற்கு ஒரு பை துண்டு நூல் மிஞ்சும். சட்டைக்குப் போதாது, எறிவதற்கு மனம் வராது. ஒரு கோடை விடுமுறையில் அத்தகைய பைகளைச் சேர்த்து ஊருக்கு எடுத்துச் சென்றோம். ஊரில் உறவினர் ஒருவர் சிரித்தார்: “இந்த வெக்கையில் கைக்குழந்தைக்குக் கம்பளியா?” அவர் சொன்னது சரியே. கம்பளி உறுத்தும், ஈரத்தில் நாறும், குழந்தையின் வாயில் மயிர் ஒட்டும்.

அப்போது எங்களுக்குக் கை கொடுத்தது பலராமபுரம். அது நெய்யாற்றங்கரை வட்டத்து ஊர். பலராமவர்மா மன்னர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து குடியேற்றப்பட்ட சாலியர்கள் வளர்த்த நெசவு இன்றும் அங்கு வாழ்கின்றது. தறியில் ஒரு பாவு முடியும்போது, நெய்ய முடியாத முனைத் துண்டுகள் எப்போதும் மிஞ்சும். தூய பருத்தி நூல். ஆனால் மிக மெல்லியது. பத்துப் பன்னிரண்டு இழைகளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கினால் கொக்கி ஊசிக்குத் தக்க நூலாகிவிடும். ஆதலால் வாயில் வைக்கும் குழந்தைக்குப் பருத்தி, வளர்ந்த குழந்தைக்குக் கம்பளி என்று வகுத்துக்கொண்டோம்.

செய்முறை எளிது. தொடக்கத்தில் ஆறு கண்ணிகள் கொண்ட ஒரு வளையம் போடுக. கண்ணிக்கு ஒரு கண்ணியாகச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே சென்றால் விரற்கனமுள்ள குழல் ஒன்று நீண்டு வரும். பின்னும்போதே நூல் வெட்டுகளை உள்ளே அடைத்துவிடுக. நாலங்குல உயரமுள்ள எழுத்தாயின், ‘ட’வுக்கு எட்டு அங்குலக் குழல் போதும், மடித்து மூலையைத் தைத்தால் முடிந்தது. ‘ப’வுக்குப் பன்னிரண்டு அங்குலம். இவ்விரண்டும் கன்னிப் பின்னலுக்கு உரியவை. ஆங்கில எழுத்துப் பொம்மையைத் தனித்தனித் துண்டுகளாகப் பின்னி இணைப்பாரைக் கண்டிருக்கின்றோம். நம் எழுத்துகளிற் பெரும்பாலானவை ஓலையில் எழுத்தாணி ஓடியதுபோல வளைந்து செல்வன. ஆதலால் அவற்றுக்கு ஒரே குழலை வளைத்தல் பொருந்தும். ‘இ’யும் ‘ழ’வும் கடினம். சுழியும் மடிப்பும் நிலைத்து நிற்க, பின்னிய வட்டம் ஒன்றன்மேல் வைத்துத் தைத்தல் வேண்டும்.

247 எழுத்துகளையும் பின்னி முடிப்பது எந்நாள் என்று மலைக்க வேண்டா. அகரமேறிய உயிர்மெய் பதினெட்டைப் பின்னுக. அவற்றோடு கால் ஒன்று, ஒற்றைக் கொம்பு ஒன்று, இரட்டைக் கொம்பு ஒன்று, ஐகாரக் கொம்பு ஒன்று என நான்கு துண்டுகள் பின்னுக. ஆக இருபத்திரண்டு. ‘க’வுக்குப் பின் காலை வைத்தால் ‘கா’. முன் கொம்பை வைத்தால் ‘கெ’. இரண்டையும் வைத்தால் ‘கொ’. இவ்வாறு அ, ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ என்னும் ஏழு வரிசைகள் அமைகின்றன. பதினெட்டை ஏழாற் பெருக்க 126. இருபத்திரண்டு துண்டுகளுள் நூற்றிருபத்தாறு எழுத்துகள் அடங்கிக் கிடக்கின்றன! பழைய வடிவில் ‘ணா’, ‘றா’, ‘னா’ முதலியனவும், ‘லை’, ‘னை’ முதலியனவும் தனித்தனி உருவம் கொண்டிருந்தன. பெரியார் 1930-களிலேயே தம் இதழிற் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு 1978-இல் ஏற்றதனால் இக்கணக்கு நேராயிற்று. உகரமும் இகரமும் எழுத்தோடு ஒட்டிக்கொள்வன. அவற்றைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

தாய்மார்கள் மறவாமற் கொள்ள வேண்டிய எச்சரிக்கை சில உண்டு. பொத்தான், மணி, கண்ணாடிக் கண் எதுவும் தைக்கலாகாது. புள்ளியும் கண்ணும் நூலாலே பூத்தையல் போட வேண்டுவன. ஒன்றேகால் அங்குலத் துளையிற் புகும் எதுவும் குழந்தையின் தொண்டையிற் சிக்கக்கூடும். ஆதலால் எழுத்து உள்ளங்கையினும் சிறிதாக இருத்தல் வேண்டா. ஒரு சாணுக்கு மேற்பட்ட கயிறு தொங்கவிடலாகாது. வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துக. தையல் விட்டதைக் கண்டால் அன்றே விலக்கிவிடுக.

இப்பொம்மையால் ஒரு வயதுக் குழந்தை எழுத்துக் கற்றுவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அது ‘அ’வைக் கடிக்கும், ‘ப’வைப் பூனைமேல் எறியும். முதலாண்டு முடிவில், நாங்கள் கொடுத்தவை வீடுகளில் எங்கெங்கோ கிடந்தன. பட்ட பாடு வீணோ என்று நாங்கள் தளர்ந்தோம். விடை வேறொரு திசையிலிருந்து வந்தது.

எங்களோடு அமர்ந்து பின்னிய இளந்தாய் ஒருத்தி. வீட்டிலே தமிழ், படித்ததெல்லாம் மலையாளம். தமிழில் ஓரெழுத்தும் அறியாள். நாங்கள் தாளில் வரைந்து கொடுத்த வடிவத்தைப் பார்த்துப் பார்த்துக் குழலை வளைப்பாள். “அக்கா, இந்தச் சுழி எந்தப் பக்கம் திரும்பும்?” என்று கேட்பாள். தவறினால் பிரித்து மீண்டும் பின்னுவாள். எழுத்தைக் கையால் வளைத்துக் கட்டியவளுக்கு அது மறப்பது எப்படி? கொம்புகளைப் பின்னிய அன்று அவற்றை எழுத்துக்கு முன்னும் பின்னும் வைத்துக் காட்டினோம். அவள் கண்கள் விரிந்தன. “மலையாளத்திலும் இப்படித்தானே! கொம்பு முன்னால், கால் பின்னால்!” என்றாள். ஆம், இரு மொழிக்கும் அந்த ஒழுங்கு ஒன்றே. அவள் பள்ளியிற் கற்ற மலையாளம் தமிழுக்குத் தடையாயிருக்கவில்லை. பாதி ஏணியாய் இருந்தது. அன்று பக்கத்து வீட்டு மலையாளச் சகோதரி தன் குழந்தைக்கும் எழுத்து வேண்டினாள். மலையாள வகரத்தைப் பின்னிக் கொடுத்தோம். அது நம் வகரத்திற்கு ஏறக்குறைய உடன்பிறந்ததாகவே இருந்தது.

அவள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அவள் தந்தை தாய்க்கு எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. தந்தையும் இல்லை, தாயும் இல்லை. கடிதங்கள் தமிழில். அவற்றை எறியவும் மனமின்றிப் படிக்கவும் வழியின்றி வைத்திருந்தாள். மூன்றாம் விடுமுறையில் நாங்கள் சென்றபோது, முதற் கடிதத்தை எழுத்துக் கூட்டி எங்கள் முன் படித்தாள். அதில் பெருஞ்செய்தி ஒன்றுமில்லை. பசு ஈன்றதா, கூரை ஒழுகுகின்றதா, பிள்ளைக்குச் சளி விட்டதா என்ற கேள்விகளே. அந்தப் பிள்ளை அவள்தான். படித்து முடித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள். நாங்களும் ஒன்றும் பேசவில்லை.

சென்ற திங்கள் அவளிடமிருந்து எங்களுக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. தமிழில் நான்கு வரி. “பிள்ளை ‘ப’வைக் கடித்தே தீர்த்துவிட்டான். வேறொன்று பின்னுகிறேன்” என்றிருந்தது. ளகரம் வர வேண்டிய இடத்தில் ழகரம் வந்திருந்தது. அப்பிழையைத் திருத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே அன்பர்களே, இப்பொம்மையின் முதல் மாணவர் தாயே என்று உணர்ந்தோம். குழந்தைக்கென்று எண்ணிப் பின்னும்போது, எழுத்து முதலில் பின்னுவோர் கையில் ஏறுகின்றது. தாயின் கையில் ஏறிய எழுத்து, குழந்தை கேட்கும் நாளில் அதன் நாவுக்குத் தானே வரும். வட்டங்கள் பிரிந்தபோது ஒரு துணியின் வெட்டிய ஓரம்போல மிஞ்சியவர்கள் எல்லைச் சிற்றூர்த் தமிழர்கள். மிஞ்சியது என்பதற்காக நூல் நூலல்லாமற் போவதில்லை.

இச்சபையினரிடம் நாங்கள் வேண்டுவது இரண்டே. வீட்டில் மிஞ்சும் நூலை எறியாது சங்கத்திற் சேர்த்து உதவுங்கள். இந்நகரில் தமிழ் படிக்கத் தெரியாத இளந்தாய்மாரைச் சனிக்கிழமை மாலைகளில் எங்களிடம் அனுப்புங்கள். ஊசி நாங்கள் தருவோம். ‘ட’விலிருந்து தொடங்குவோம்.