புகையில்லா வண்டியும் சப்பிரகமுவ மலைப்பாதையும்



முன்னாளில் தேயிலைத் தோட்டத்தில் மோட்டார் வண்டியின் ஓசை கேட்டால், துரை வருகிறார் என்று சிறுவரும் அறிந்துகொண்டனர். தோட்டத்தில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவரே. ஏனையோர்க்குக் கால்நடையே வாகனம். இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. காவத்தை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் முச்சக்கர வண்டி செல்லாத பாதை அரிது. பிள்ளை பள்ளிக்குச் செல்வதும், கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்குச் செல்வதும் அவ்வண்டியினாலேயே. ஆகவே, பெற்றோலும் டீசலும் எரிக்கும் வண்டிகளை அகற்றிவிட்டுப் புகையில்லாப் போக்குவரத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி, கொழும்பிலே கார் வைத்திருப்போரை மட்டும் நோக்கிய கேள்வியன்று. சப்பிரகமுவத் தோட்டங்களின் லயன் வாயில்வரை வந்து நிற்கும் கேள்வி அது.

இக்கேள்வி எழுந்த காரணத்தை முதலிற் காண்போர்க்கு ஒரு சிறு கணக்கு உதவும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோகிராம் கரியமிலவாயு உண்டாகிறது. எண்ணெயிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வதனால், வெளிப்படும் வாயு எரிந்த எண்ணெயைவிடக் கனத்ததாகிறது. இவ்வாயு உலகின் வெப்பத்தைக் கூட்டுகிறது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் காற்றுத் தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்களவு மிகுகிறது. பெய்யும் மழையும் கடுமையாகிறது. கடும்மழை என்பதன் பொருளைச் சப்பிரகமுவ மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாட்களில் புளத்கொகுப்பிட்டியில் தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுள் புதைந்தன. மறு ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. இவ்வழிவுகள் அனைத்துக்கும் வாகனப் புகையே காரணம் என்று கூறுதல் மிகை. காடழிந்ததும், சரிவிலே வீடமைந்ததும் காரணங்களே. ஆயினும் உலகம் எரிக்கும் எண்ணெயின் பயனை நுகராதவரே, அதன் தீமையை முதலில் நுகர்கின்றனர் என்பது மறுக்கவொண்ணாத உண்மை.

இலங்கை ஒரு சிறு நாடு. உலகில் எழும் புகையில் அதன் பங்கு மிகச் சொற்பம். இந்நாட்டார் தம் வண்டிகளை மாற்றுவதால் வானம் மாறிவிடுமா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆனால் மாற்றத்துக்கு வானத்தைக் காட்டிலும் அண்மையான காரணம் ஒன்று உண்டு. எண்ணெய் இந்நாட்டில் ஊறுவதில்லை. அதனை வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். அது வற்றியபோது நிகழ்ந்ததை மக்கள் 2022ஆம் ஆண்டில் கண்டனர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல், 2022 ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. 121 ரூபாவாயிருந்த டீசல் 460 ரூபாவுக்கு ஏறியது. அவ்விலை கொடுக்க முன்வந்தோர்க்கும் எண்ணெய் கிடைக்கவில்லை. பின்னர் வாரப் பங்கீடு வந்தது. தொடக்கத்தில் காருக்கு 20 லீற்றர். முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். ஒரு குடும்பத்தைச் சுமந்த காருக்குக் கிடைத்ததில் கால்வாசியே, ஒரு லயத்தையே சுமந்த வண்டிக்குக் கிடைத்தது.

அவ்வாண்டு மே மாதத்திற்றான் சாதாரண தரப் பரீட்சையும் நடைபெற்றது. மலையுச்சித் தோட்டத்துப் பிள்ளைக்குப் பரீட்சை நிலையத்தை அடைவதே முதற் பரீட்சையாயிற்று. அதற்கு முந்திய மாதம் 19ஆம் திகதி, கேகாலை மாவட்டத்து றம்புக்கனையில், எண்ணெய்க்குக் காத்திருந்த மக்கள் இரவோடிரவாக விலை ஏறியதைக் கண்டு வெகுண்டு புகையிரதப் பாதையை மறித்தனர். பொலிசார் சுட்டனர். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். எண்ணெய் வண்டியை நம்பிய வாழ்வு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் மின்சார வண்டியே விடையாகுமா? 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியது. மின்சாரக் கார்களும் வந்திறங்கின. இவற்றுக்கு எதிராகக் கூறப்படும் தடைகளைத் தட்டிக்கழித்தல் தகாது. முதலாவது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாற்று ஆற்றலோடு நிலக்கரியை எரிக்கிறது. கரியை எரித்துப் பெற்ற மின்சாரத்தில் ஓடும் வண்டி முற்றும் புகையில்லா வண்டியாகாது. ஆனால் அதே நாட்டிற்றான் பலாங்கொடைக்கு அண்மையில் சமனலவாவி 120 மெகாவாற்று மின்சாரத்தை நீரினால் ஆக்குகிறது. இலக்சபானையின் சக்கரங்கள் 1950ஆம் ஆண்டு முதல் சுழல்கின்றன. மழை நன்கு பெய்த ஆண்டுகளில் நாட்டு மின்சாரத்தின் ஏறக்குறைய பாதி நீர், காற்று, சூரியன் ஆகியவற்றிலிருந்து கிடைக்கிறது. மேலும், பெற்றோல் இயந்திரம் எண்ணெயின் சக்தியில் நாலிலொரு பங்கையே பெரும்பாலும் ஓட்டமாக்குகிறது. எஞ்சியது வெப்பமாய் வீணாகிறது. மின்மோட்டாரோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் பயன்படுத்துகிறது. மலையிலிருந்து இறங்கும்போது சக்கரத்தின் சுழற்சியையே மீண்டும் மின்சாரமாக்கி மின்கலத்தில் சேர்த்துக்கொள்ளும் வசதியும் அதற்குண்டு. ஏற்ற இறக்கம் மிகுந்த நாட்டுக்கு இது சிறு நன்மையன்று.

இரண்டாவது தடை விலை. மூன்றாவது, ஆண்டுகள் செல்லச் செல்லத் தளரும் மின்கலம். நாட்கூலியை நம்பிய குடும்பத்துக்கு மின்சாரக் கார் என்பது எட்டாக்கனி. செல்வர் தம் பழைய காரை விற்றுப் புதிய மின்சாரக் காரை வாங்குவதோடு இம்மாற்றம் நின்றுவிடுமாயின், தோட்டத்து மக்களுக்கு நேர்வது, முன்பு புகையோடு கடந்து சென்ற கார் இனிப் புகையின்றிக் கடந்து செல்லும் என்பது மட்டுமே.

ஆதலின் காருக்குப் பதில் எந்தக் கார் என்று கேளாமல், மக்களைச் சுமக்கத் தக்க வண்டி எது என்று கேட்பதே முறை. இவ்வகையில் சப்பிரகமுவவுக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1902ஆம் ஆண்டில் அவிசாவளையையும், 1903ஆம் ஆண்டில் எட்டியாந்தோட்டையையும் அடைந்தது. மற்றொரு கிளை 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரிக்கும், 1919ஆம் ஆண்டில் ஓப்பநாயக்கவுக்கும் சென்றது. மலை வளைவுகளுக்கேற்ப இரண்டரை அடி அகலத்தில் அமைந்த அப்பாதை தேயிலையையும் இறப்பரையும் ஏற்றிச் சென்றது; மக்களையும் ஏற்றிச் சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது எட்டியாந்தோட்டைத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. 1970களில், இலாபமில்லை என்று கூறி, இரத்தினபுரிப் பக்கத்து ஓட்டமும் நிறுத்தப்பட்டது. 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பட்ட தடம் அவிசாவளையோடு நின்றுவிட்டது. எண்ணெய் மலிந்த காலத்தில் வீணெனக் கருதப்பட்ட தண்டவாளத்தின் அருமை, எண்ணெய் அற்ற காலத்திலேயே விளங்கிற்று. எனினும் பழைய வண்டிகள் கரியையும் டீசலையும் எரித்தவையே. பழைய தடத்தில் பழைய புகையை மீண்டும் ஓட்டுவது நோக்கமன்று. இரும்புத் தடத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு குறைவு. சிறிது சக்தியால் பலரைச் சுமக்கலாம். அச்சக்தி மின்சாரமாயின் இன்னும் நன்று.

தண்டவாளம் ஒரு நாளில் அமையாது. பஸ் வண்டி நாளையே வரலாம். ஒரு லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காரில் இருவர் சென்றால், அந்த ஒரு லீற்றர் ஒரு மனிதனை 24 கிலோமீற்றர் சுமந்த கணக்கு. ஒரு லீற்றருக்கு 3 கிலோமீற்றரே ஓடும் பஸ்ஸில் ஐம்பதுபேர் சென்றால் அக்கணக்கு 150 கிலோமீற்றர். டீசல் எரிக்கும் பஸ்ஸே காரினும் ஆறு மடங்கு சிக்கனமுடையதாயின், மின்சார பஸ்ஸின் பயனைச் சொல்லவேண்டுவதில்லை. அடுத்து மாற வேண்டியது முச்சக்கர வண்டி. நாளொன்றுக்குக் குறுகிய தூரமே ஓடி, இரவில் வீட்டு முற்றத்தில் நிற்பது அது. ஆகையால் மின்னேற்றுதற்கு மிக ஏற்றது. அதன் சொந்தக்காரர்க்கு இலகு கடன் கிடைக்குமாறு செய்தல் அரசாங்கத்தின் கடமை. லயத்துக்குப் போதிய மின்னிணைப்பும், குழியில்லாத பாதையும் அமையாவிடில் இவ்வேற்பாடு ஏட்டுச் சுரைக்காயே. பறித்த கொழுந்து சூடேறிக் கெடுமுன் தொழிற்சாலையை அடையவேண்டும்; ஆதலால் தோட்டத்து லொறிகள் தக்க மாற்று வரும்வரை டீசலில் ஓடுவதைக் குறைகூறுதல் பொருந்தாது. முன்னாளில் மலைச்சரிவிற் கட்டிய கம்பிவழியே கொழுந்து மூட்டைகள் தம் பாரத்தாலேயே இறங்கின. புகையில்லாப் போக்குவரத்து இம்மலைகளுக்குப் புதிய விருந்தாளியன்று என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

பெற்றோல் வண்டி போகத்தான் வேண்டும். ஆனால் அது போகும் வரிசை முக்கியம். பொதுமக்கள் வண்டி முதலில் மாறட்டும். உழைப்பவர் வண்டி அடுத்து மாறட்டும். செல்வர் வண்டி அதன்பின் மாறட்டும். இவ்வரிசை தலைகீழானால் ஏழையின் வரிப்பணத்தால் செல்வரின் பயணம் தூய்மையாகும். ஏழை பழையபடி பாதையோரத்தில் காத்து நிற்பான்.

இலக்சபானையின் சக்கரங்களைச் சுழற்றிய நீர் கித்துல்கலையைக் கடந்து, எட்டியாந்தோட்டை வழியே களனியாய்ச் செல்கிறது. அந்நீர் பிறப்பித்த மின்சாரம் தொலைநகரங்களுக்கு ஒளி தந்து வந்திருக்கிறது. அந்த ஆற்றங்கரைத் தோட்டங்களிலிருந்து ஒரு பிள்ளை எவர் தயவுமின்றி, எண்ணெய் விலையைப் பற்றிய அச்சமுமின்றி, உரிய நேரத்தில் பரீட்சை மண்டபத்தைச் சென்றடைவதற்கும் அதே மின்சாரம் உதவுமாயின், மாற்றம் பயனுடையது என்று கொள்ளலாம்.